மூன்றாம் மாடியில் கிளடிஸ்

எங்கள் ஹோட்டலின் இரண்டாம் மாடியில் நாட்டை விட்டு வந்தவர்கள் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் நாட்டுக்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சாப்பாடு இரண்டு மாடிக்கும் ஒன்றுதான். அலுமினியத் தட்டில் ஆறிப்போன பாஸ்தா.

ஹோட்டல் கனடாவில், ஸ்காபரோவில், நெடுஞ்சாலை இரைச்சலுக்குள் நிற்கிறது. உல்லாசப் பயணி எவனும் தெரிந்துகொண்டு அங்கே வரமாட்டான். நான் றிசெப்ஷனில் நிற்கிறவன். அறைச் சாவி கொடுப்பது, திட்டு வாங்குவது, இரண்டும் என் வேலை. இரண்டாம் மாடியை அகதிக் கோரிக்கையாளர்களுக்காக நகரசபை எடுத்திருந்தது. செனகலில் இருந்து வந்தவர்கள் அதில் அரைவாசி. மூன்றாம் மாடி ஒவ்வொரு வசந்தத்திலும் வடக்கே உள்ள கிறீப் பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். குளிர் விட்டு ஆற்றில் பனிக்கட்டி உடையும்போது தண்ணீர் ஊருக்குள் ஏறும். ஏறுவதற்கு முன் அரசாங்கம் ஊரையே விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஹோட்டல்களில் இறக்கிவிடும். ஆறு அடங்கினால் திருப்பிக் கொண்டுபோய் விடும். அடுத்த வருடமும் இதே கூத்து.

"வெள்ளம் வாற இடத்திலை ஏன் இருக்கினம்?" என்று எங்கள் தமிழ் ஆட்கள் கேட்பார்கள். மேட்டில் இருந்தவர்களை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் இருத்தியதே அரசாங்கம்தான் என்று நான் சொல்வேன். "சரி, அப்ப அவைக்கு எல்லாம் சும்மா குடுக்கினம்தானே" என்பார்கள். மில்லிக்கனில் வீடு வாங்கிய பிறகு எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தாங்களும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மாடியில் கிடந்தது மட்டும் மறந்துபோகும்.

கிளடிஸ் அந்த மூன்றாம் மாடிக்காரி. என் வயதுதான் இருக்கும். அகலமான முகம், சத்தமில்லாத சிரிப்பு. ஒருவரைக் கேலி பண்ணப்போகிறாள் என்றால் முதலில் சன்னலுக்கு வெளியே பார்ப்பாள். அவளுடைய தாயைச் சின்ன வயதில், பழங்குடிப் பிள்ளைகளை மாற்றி வளர்க்கவென்று அரசாங்கம் ஏற்படுத்திய கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பள்ளிக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கிளடிஸின் ஊரில் பெரிய வகுப்பு இல்லாததால் அவளையும் பதின்ம வயதில் படிப்பதற்கென்று விமானத்தில் ஏற்றி, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் விட்டார்கள். குளிர்காலம் முடியமுன் அவள் திரும்பி ஊருக்குப் போய்விட்டாள். பிறகு ஊர்க்கடையில் வேலை, கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் சமையல். கட்டியவன் நீரிழிவில் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தான். பிள்ளை இல்லை. ஆகவே தங்கச்சி தன் கடைசிப் பெண்ணை, பால் மறந்த கையோடு அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அதுதான் றெபேக்கா. அவர்களிடம் அது வழக்கம். யாரும் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

இரண்டாம் மாடியில் ஸொக்னா என்று ஒருத்தி இருந்தாள், நெட்டையாக, சிரித்தால் மாடியே கேட்கும்படி. அவளிடமும் ஒரு பெண்பிள்ளை இருந்தது. அவளுடைய அண்ணன் தன் மகளுக்குத் தங்கச்சியின் பெயரையே வைத்து, பிறகு பெயரோடு பிள்ளையையும் அவளுக்கே கொடுத்துவிட்டான். அதுவும் அங்கே வழக்கமாம். எல்லோரும் அதைச் சின்ன ஸொக்னா என்று கூப்பிட்டோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே உயரம். ஒருத்திக்குத் தெரிந்த பாஷை மற்றவளுக்குத் தெரியாது. ஆனாலும் விடிந்தால் பொழுதுபடும்வரை இரண்டும் மாடிப்படியில்தான்.

பெரியவர்கள் இருவரும் உடுப்புத் தோய்க்கிற அறையில் பழகினார்கள். அவர்கள் பேசியது உடைந்த ஆங்கிலம். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"உங்கடை ஊரிலை தண்ணி இருக்கோ?" என்று ஒருநாள் கிளடிஸ் கேட்டாள்.

"சந்திக்குச் சந்தி பைப் இருக்கு. இத்தாலிக்குப் போன பெடியள் காசு சேத்துப் போட்டவங்கள். கரண்ட்தான் வரும், போகும். உங்களுக்கு?"

"பைப் இருக்கு. தண்ணியும் வரும். குடிக்கேலாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை இருந்தே கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறம்."

ஸொக்னா சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். "ஏய், நீ கனடாக்காரியெல்லோ?"

"ஓம். அதுதான் பிரச்சினை."

பிறகு இது அவர்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. யாருடைய ஊர் மோசம் என்று போட்டி. ஸொக்னா தன் கடலைச் சொன்னாள். அந்நிய நாட்டுக் கப்பல்கள் வந்து அடியோடு வாரிக்கொண்டு போனதால், அவள் ஊரில் மீன்பிடி வள்ளமெல்லாம் ஆள் கடத்துகிற வள்ளமாகிவிட்டது. அண்ணன் அப்படி ஒரு வள்ளத்தில் ஏறியவன்தான். ஒரு தகவலும் இல்லை. கிளடிஸ் தன் ஊருக்குப் பக்கத்தில் வைரம் தோண்டியதைச் சொன்னாள். வைரம் போய்விட்டது, ஊரில் பாசி பிடித்த வீடுகள் அப்படியே நிற்கின்றன, ஒரு வீட்டில் மூன்று குடும்பம். ஸொக்னா தன் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கல் கல்லாகக் கட்டி, பத்து வருடம் இழுத்தாலும் முடித்துவிடுவார்கள் என்றாள். வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அதற்குக் கிளடிஸ் உலர்த்தியில் இருந்து றெபேக்காவின் காற்சட்டையை எடுத்து மடித்தபடி சொன்னாள்: "உங்களுக்கு வெளிநாடு எண்டு ஒண்டு இருக்கு. எங்களுக்கு அது இல்லை. வெளிநாடுதான் எங்களிட்டை வந்தது."

நான் துவாய் எடுக்கப் போனவன். எடுக்காமலே திரும்பி வந்தேன்.

வடக்கே வெள்ளம் வருகிற காலமும் வாத்து வருகிற காலமும் ஒன்றுதான். நாங்கள் பார்க்கில் நடக்கப் போகும்போது எச்சம் போட்டுவிட்டது என்று சபிக்கிறோமே, அதே பெரிய கனடா வாத்துகள். கிறீ ஆட்களுக்கு அந்த வேட்டைதான் வருடத்தின் பெருநாள். கிளடிஸின் தம்பி கிளிபோட் சுட்ட வாத்துகளை அவள் ஐஸ்பெட்டியில் போட்டு விமானத்தில் கையோடு கொண்டுவந்திருந்தாள். பாவித்து நாளான எங்கள் சமையலறைக் குளிரூட்டியில் நான் இடம் கொடுத்தேன். பாஸ்தாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெறுப்பு ஏறிக்கொண்டு போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டலுக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால், கல்லுக் கொட்டிய இடத்தில் நெருப்பு மூட்டினாள்.

அறை துப்புரவு செய்கிறவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் தவமணி அன்ரி. அவரிடம் துடைப்பக் கட்டைகளை இரவல் வாங்கி, கிளடிஸ் முக்காலி மாதிரி நட்டாள். உச்சியில் ஒரு நூல். நூலில் வாத்து. நூலை முறுக்கிவிட்டால் அது தானாகச் சுழலும், அவிழும், மறுபடி முறுகும். நெருப்புக்கு மேலே இல்லை, நெருப்புக்குப் பக்கத்தில். கொழுப்பு சொட்டுச் சொட்டாகக் கீழே வைத்த தட்டில் விழும். நூல் முறுக்குவது பிள்ளைகளின் வேலை. றெபேக்காவும் சின்ன ஸொக்னாவும் முறை வைத்து முறுக்கினார்கள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி எல்லாம் கீழே இறங்கிவிட்டது. தவமணி அன்ரிகூடக் கையுறையைக் கழற்றிவிட்டு, "தம்பி வினோ, மணம் இழுக்குதடா" என்றார். ஸொக்னா வெங்காயமும் தேசிக்காயும் கடுகும் சேர்த்து வதக்கிய குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்தாள். அந்தக் குழம்பு அவள் அறைக்குள் மின்அடுப்பில், படுக்கைக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் சமைத்தது. ஹோட்டல் சட்டப்படி அதுதான் பெரிய குற்றம். அந்த மாடி முழுக்க மணக்கும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

எதிர் அடுக்குமாடியில் இருந்து எந்தப் புண்ணியவானோ அழைத்துவிட்டான். தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் நல்ல பொடியன்கள்தான், சிரித்துக்கொண்டே தண்ணீரை அடித்தார்கள். வாத்து சாம்பலுக்குள் விழுந்தது. கிளடிஸ் அதை எடுத்துக் கழுவப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். நெருப்புக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை நின்றதென்று எங்கோ சொல்லியிருக்கிறார்கள். நின்றது இரண்டு பிள்ளை. ஒரு பிள்ளையைப் பற்றித்தான் விசாரிக்க வந்தார்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து வந்தவள் சின்ன வயதுக்காரி, மெல்லிய குரல், கழுத்தில் செம்மஞ்சள் மணிமாலை. அது விடுதிப் பள்ளிகளுக்குப் பிடித்துக்கொண்டு போன பழங்குடிப் பிள்ளைகளின் நினைவாகப் போடுகிற மாலை. கிளடிஸோடு பேசினாள். பிறகு நடைபாதையில் தவமணி அன்ரியை நிறுத்தினாள், அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கிறவர் என்பதால்.

தவமணி அன்ரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாய் வயல்வேலையும் வருத்தமுமாகக் கிடந்ததால் அவரைச் சாவகச்சேரியில் பெரியம்மாதான் வளர்த்தார். அன்ரிக்கு அது குறையல்ல, பெருமை. ஒரு பிள்ளை ஒரு வீட்டில் மட்டும் வளர்ந்தால் அது கொடுத்துவைக்காத பிள்ளை என்று நினைக்கிற ஆள். கிளடிஸை அவருக்குப் பிடித்தது அதனால்தான். அவளுக்காக நல்ல சாட்சி சொல்ல வேண்டும் என்று அன்ரி முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் சாவி மாற்ற மேலே போயிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு அறை எண்டில்லை மிஸ். எங்கை நித்திரை வருதோ அங்கை படுக்கும். ஆர் சாப்பாடு வைச்சிருக்கினமோ அங்கை சாப்பிடும். கிளடிஸ் பெத்த தாயில்லை. தங்கச்சி குடுத்த பிள்ளை. ஒரு பேப்பரும் இல்லை, மனசாலை குடுத்தது. இஞ்சை எல்லாரும் அவளுக்குத் தாய்தான்."

இதை அவர் ஆங்கிலத்தில், வேலையில் பொறுக்கிய ஆங்கிலத்தில், ஒவ்வொன்றாக அழுத்திச் சொன்னார். ஒரு சொல்லும் பொய்யில்லை. மணிமாலைக்காரி தலையாட்டினாள், நன்றி சொன்னாள். அவள் போனபிறகு அன்ரி என்னைப் பார்த்து, "நல்லாச் சொன்னனான் என்ன?" என்றார்.

அடுத்த கிழமை ஒருநாள் காலை அவர்கள் வந்தார்கள். மணிமாலைக்காரி, இன்னொருத்தி, வாசலில் ஒரு பொலிஸ்காரன். கிளடிஸின் அறைக்குப் போனார்கள். பிள்ளை அங்கே இல்லை.

"றெபேக்கா எங்கே?"

"எங்கையாவது நிப்பாள்," என்றாள் கிளடிஸ். அவள் ஊரில் அதற்கு அர்த்தம், பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்பது. சாவகச்சேரியிலும் அதுதான் அர்த்தம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போய், கடைசியில் இரண்டாம் மாடியில் ஸொக்னாவின் அறையில் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டைச் சுற்றி இருந்து கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அதே மின்அடுப்பு, சிவந்தபடி.

"இதில் உங்கடை பிள்ளை எது?" என்று கேட்டார்கள்.

"ரெண்டும்," என்றாள் ஸொக்னா.

மணிமாலைக்காரிக்கு அது எவ்வளவு பிடித்துவிட்டது! நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். ஸொக்னாவின் அகதிக் கோரிக்கைக்கு என்று ஒரு உதவியாளர் இருந்தார், அவரும் இப்படித்தான். அண்ணன் மகளைத் தங்கச்சி வளர்ப்பது, எல்லோரும் ஒரே தட்டில் உண்பது, என்ன அழகான குடும்பப் பிணைப்பு என்று மெய்மறந்து போவார். ஸொக்னா செய்தால் பண்பாடு. கிளடிஸ் செய்தால் கவனிப்பாரற்ற பிள்ளை. அன்று முதல் அந்தச் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

றெபேக்காவின் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளடிஸ் கத்தவில்லை. தாய்க்கு நடந்ததை அறிந்தவள், தனக்கு நடந்ததை மறக்காதவள், கத்திப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கார் திரும்பும்வரை வாசலில் நின்றாள். தவமணி அன்ரி லிப்ட்டுக்குள் நின்றபடி ஒப்பாரி வைக்கிற மாதிரி அழுதார். "நான் நல்லதைத்தானே சொன்னனான், தம்பி. நான் நல்லதைத்தானே சொன்னனான்."

வேறொரு ஊர் ஹோட்டலில் இறக்கப்பட்டிருந்த கிளடிஸின் தங்கச்சி போனில் கத்தினாள், பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லி. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போனில் இருந்த படத்தை அனுப்பினாள். சுவரெல்லாம் பாசி, அறைக்கு அறை ஆள். பிள்ளைக்கு உகந்த வீடல்ல என்றார்கள். அந்த வீட்டைக் கட்டிக்கொடுத்ததும் அரசாங்கம், அந்த வீடு கூடாது என்றதும் அரசாங்கம். அதற்கிடையில் ஒரு பலகைகூட யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை.

ஆறு அடங்கியது. மூன்றாம் மாடி மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியது. கிளடிஸ் ஏறவில்லை. பிள்ளை இருக்கிற நகரத்தில் தான் இருக்க வேண்டும் என்றாள். தவமணி அன்ரி முதலாளியோடு சண்டை பிடித்து அவளுக்கு எங்கள் ஹோட்டலிலேயே அறை துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தார். தன் ஊரார் இருந்த அறைகளுக்கு அவளே விரிப்பு மாற்றினாள்.

ஸொக்னாவின் அகதி வழக்கு நல்லபடி முடிந்தது. தலைமுடி பின்னுகிற கடையில் வேலை, வோபர்னில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் அவளும் சின்ன ஸொக்னாவும். மற்ற அறையைக் கிளடிஸுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். நாட்டுக்காரி, அகதியின் வீட்டில் குடியிருந்தாள். ஸொக்னா நல்லவள், வாடகையைக் கேட்டு வாங்கமாட்டாள். எனக்குக் கோபம் ஸொக்னாவில் இல்லை. அவளுக்குக் கிடைத்தது கிடைக்க வேண்டியதுதான். ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பிள்ளையில் ஒன்றுக்கு மட்டும் ஏன் என்பதுதான் கேள்வி.

தை மாதம் மார்க்கம் றோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் பொங்கல் விழா. தவமணி அன்ரியைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். தொடக்கத்தில் ஒரு பிள்ளை மேடையேறி, நாங்கள் நிற்கிற நிலம் இன்னின்ன பழங்குடி மக்களுடையது, அவர்களுக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தது. ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில்தான் அன்ரி என் கையைப் பிடித்தார். முன்வரிசையில் எங்களுக்குத் தெரிந்த, மில்லிக்கனில் இருக்கிற எட்வேட் அண்ணையும் மனைவி அருள்மலரும். நடுவில் பட்டுப்பாவாடை கட்டி, எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னலில் சிவப்பு றிபன் கட்டி, றெபேக்கா. அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அருள்மலர் அன்ரி இடைவேளையில் சந்தோஷமாகப் பேசினார். "பிள்ளையள் பாதுகாப்பு அலுவலகத்தாலை வளக்கத் தந்திருக்கினம். வந்தபோது வாய் திறக்காது. இப்ப செபமாலைகூடச் சொல்லும். நல்ல பிள்ளை. தாய் கவனிக்கேல்லையாம், பாவம்."

அவர்கள் நல்ல மனிதர்கள். அந்தப் பிள்ளையைத் தங்கமாக வைத்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். "பரவாயில்லைத் தம்பி, எங்கடை ஆக்களிட்டைத்தானே நிக்குது," என்றார் தவமணி அன்ரி, என் முகத்தைப் பார்க்காமல். பொங்கலை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

கிளடிஸுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அலுவலகம் அவளுக்கு இடத்தைச் சொல்லாது. சந்திப்பு என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு சின்ன அறை, ஒரு மேசை, மூலையில் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள். மாசியில் ஒரு சந்திப்புக்குப் பஸ் ஓடாத அளவுக்குப் பனி கொட்டியதால் நான் காரில் கொண்டுபோனேன். கிளிபோட் ஊரில் இருந்து யாரோ கையில் கொடுத்தனுப்பிய, புகையில் போட்ட வாத்து இறைச்சி அவள் மடியில் இருந்தது. கார் முழுக்க அந்தப் புகை மணம். நான் வெளியே காருக்குள் இருந்தேன்.

திரும்பி வந்தபோது இறைச்சி அப்படியே இருந்தது. வெளிச்சாப்பாடு கொடுக்கக்கூடாதாம். நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் பொதியை மடியில் வைத்து மறுபடி கட்டினாள்.

"றெபேக்காவின்ரை தலையிலை தேங்காய் எண்ணெய் மணக்குது," என்றாள். "தவமணியின்ரை தலை மணக்கிற மாதிரி."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கடை பாஷையிலை கேட்டனான், பசிக்குதோ எண்டு. அவளுக்கு விளங்கினது, வினோ. கண்ணிலை தெரிஞ்சது. மறக்கேல்லை. பதில் மட்டும் வேறை ஏதோ சொன்னாள். 'ஓம்' எண்டு சொன்னாள். திருப்பித் திருப்பி ரெண்டு தரம் சொன்னாள். நீயும் தவமணியும் கதைக்கேக்கை அப்பிடிச் சொல்லுவியள். அது என்ன?"

லொறி ஒன்று சேற்றுப் பனியை எங்கள் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது. துடைப்பான் இரண்டு தரம் போய் வந்த பிறகு, அது எங்கள் பாஷை என்றும், அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்றும் சொன்னேன்.

கிளடிஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கேலி பண்ணப்போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அப்ப பிள்ளைக்குப் பசி," என்றாள். "சொல்லியிருக்கிறாள். நான் சும்மா தலையைத் தடவிப்போட்டு வந்திட்டன். காரைத் திருப்பு."

உள்ளே விடமாட்டார்கள் என்றேன்.

"தெரியும். திருப்பு."

திருப்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. கார் நிற்கிற இடத்தில் ஒரு காரும் இல்லை. கிளடிஸ் இறைச்சிப் பொதியை மடியில் வைத்தபடி இறங்காமல் இருந்தாள்.